சாட்சிக் கையெழுத்தும் சாம்பிராணிப் புகையும்

அப்பு,

நேற்று போனில் நீ, "அப்பா, கல்யாணத்துக்குக் கோயில்ல என் பக்கத்துச் சாட்சிக்கு மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல்லிருக்கேன்" என்றபோது, நான் "சரிப்பா, ரொம்ப சந்தோஷம்" என்றேன். அது பொய். போனை வைத்துவிட்டுச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். உன் அம்மா அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். மறு சோறு கேட்காமல் எழுந்துவிட்டேன். "காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, பொறாமை. அதற்குத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது. எனக்கு அது இருபது முப்பது வருசமாக இருக்கிறது.

நம் வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். என் கல்யாணத்துக்கு உன் தாத்தா போட்டார். அதனால் யாரும் சொல்லாமலே அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவுகட்டி, போன வாரமே ஒரு மசிப் பேனா வாங்கிவிட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் பெயரை நாற்பது ஐம்பது தடவை எழுதிப் பழகினேன். பத்தாவது பாஸ் பண்ணியவன் கையெழுத்து கோயில் பதிவேட்டில் கோழி கிண்டியது மாதிரி இருக்கக் கூடாது பார். அந்தத் தாளை உன் அம்மா பார்த்துவிட்டாள். "எங்கேயாச்சும் ஜாமீன் போடப் போறீங்களா?" என்றாள். இப்போது அந்தப் பேனா மேசை டிராயரில் கிடக்கிறது.

உன் செபஸ்தியான் மாமா மேல் எனக்குப் பொறாமை என்பது உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் அவனுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். அவனுக்குத் தலை நிறைய முடி. எனக்கு இருப்பதை எண்ணிவிடலாம். அவன் கோயில் பாடற்குழுவில் பாடினால் முன் பெஞ்சு திரும்பிப் பார்க்கும். நான் பாடினாலும் திரும்பிப் பார்ப்பார்கள், காரணம் வேறு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. இளவட்டத்தில் நானும் அவனும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில், தோல் ஊறுகிற ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவன் அக்காவை நான் கட்டினேன். பச்சைத் தோல் நாற்றம் தாங்காமல் அவன் இரண்டே வருசத்தில் ஓடிப்போய் நிலக்கோட்டையில் பூ வண்டி ஓட்ட ஆரம்பித்தான். நான் அங்கேயே நின்றேன். அவன் வீட்டுக்கு வந்தால் மல்லிகைப்பூ வந்த மாதிரி இருக்கும், நீ ஓடிப்போய் அவன் தோளில் ஏறிக்கொள்வாய். நான் வேலை முடிந்து வாசலில் கால் வைத்தால் ஐந்து வயசுப் பயல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, குளிச்சிட்டு வாங்க" என்பாய். குளித்துவிட்டு வருவேன். அதற்குள் நீ அவன் மடியில் தூங்கிப் போயிருப்பாய்.

இருபத்தைந்து வருசம் அந்த வாடையில் நின்றதில் என் மூக்கு எனக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிவிட்டது. கருவாடும் ஒன்று, கதம்பமும் ஒன்று. அதைப் பெரிய குறையாக நான் நினைத்ததில்லை, தோல் ஷாப்பில் அது ஒரு வசதி. நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருசம்தான் அது என்ன குறை என்று தெரிந்தது.

அந்த வருசம் உனக்குத் திடீரென்று பக்தி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவாய். ஜன்னல் வழியாகப் புகை வரும், எனக்குப் புகை மட்டும்தான் தெரியும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து நெஞ்சுருகிப் போவேன். மாதா படத்துக்கு முன்னால் பிள்ளை முழங்காலில் நிற்கிறான் என்று நினைப்பேன். பங்குச் சாமியாரிடம் போய், "என் மகனுக்குச் சாமியாராப் போக அழைத்தல் வந்திருக்கும்போல சாமி. தினமும் சாம்பிராணி போட்டுச் செபம் பண்றான்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். தோல் ஷாப்பில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். குருமடத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று விசாரிக்கவும் செய்தேன். இன்றைக்கும் அந்தச் சாமியாரை எங்காவது பார்த்தால் நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

ஒருநாள் உன் அம்மா உன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள். காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் சின்னப் பொட்டலம்.

"என்ன இது?"

"கஞ்சா."

"சும்மா இரு. அவன் செபம் பண்ற புள்ள."

"ஏங்க, உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருந்தா இம்புட்டு நாளு தெரியாமப் போயிருக்குமா? அந்த வாடையை மறைக்கத்தான் சாம்பிராணி. எனக்கு ரெண்டு வாரமாச் சந்தேகம், உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

என்னிடம் சொல்லப் பயந்தாள். அந்த வார்த்தையை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நம்பவும் இல்லை. பொட்டலம் வேறு யாருடையதாகவாவது இருக்கும், சட்டையில் வாடை இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உன் அம்மா முகர்ந்து பார்த்துச் சொன்னால் தாய் மனசு பதறுகிறது என்றேன். எனக்கோ மூக்கு இல்லை. அப்போதுதான் என் ஆயுளிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். நீ கழற்றிக் கொடியில் போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துச் சுருட்டி, நேராக முக்கு டீக்கடைக்குப் போய் மணி அண்ணனிடம் நீட்டினேன்.

"அண்ணே, இதைச் செத்த மோந்து பாருங்க."

அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிளாஸை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக மோந்து பார்த்தார். பெஞ்சில் நாலு பேர் பேப்பரை மடக்கிவிட்டார்கள்.

"யாரு சட்டை?"

"என் மகன் சட்டை."

அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போங்க, தம்பிகிட்டப் பதமாப் பேசுங்க" என்றார். நல்ல மனுசர். ஆனால் பெஞ்சில் இருந்த நாலு பேரும் நல்ல மனுசர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. நீ டியூஷன் முடிந்து சைக்கிளில் வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தன் உன்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக் காட்டினானாம்.

நீ வீட்டுக்குள் வந்தாய், நான் அறைந்தேன். அறைந்துவிட்டுப் பேசினேன். மானம் போச்சு, குடும்பம் போச்சு, ஜெயிலுக்குத்தான் போவாய், பைத்தியம் பிடித்துத் தெருவில் சுற்றுவாய். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அதில் ஒரு கேள்வி இல்லை, அப்பு. கேள்வி மாதிரி இருந்தவை எல்லாம் திட்டு. "உனக்கு வெட்கமா இல்லையா?" என்றால் அதற்கு யார் என்ன பதில் சொல்வது? நீ கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாய்.

"என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல. டீக்கடையில போயி எதுக்குக் கேட்டீங்க?"

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. "நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை குடிக்கிறது மட்டும் என்ன?" என்றும் கேட்டாய். "அது நான் உழைச்சுக் குடிக்கிறது" என்றேன். அதைவிட மட்டமான பதிலை இதுவரை நான் கேட்டதில்லை. பிறகு மாதா படத்தைக் காட்டி, "உன் வயசுல நான் இதையெல்லாம் தொட்டதே இல்லைடா, சத்தியமா" என்றேன். இந்தச் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வருகிறேன்.

அப்புறம் நீ என்னோடு பேசவில்லை. சாப்பாடு, சட்டை, சைக்கிள் சாவி, எல்லாம் அம்மா வழியாகத்தான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தன் தம்பி செபஸ்தியானைக் கூப்பிட்டாள். அவன் வந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏலே, சனிக்கிழமை வண்டிக்கு ஆள் இல்லை. வாரியா?" என்றான். நீ போனாய். அடுத்த சனிக்கிழமையும் போனாய்.

மூன்றாவது சனிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு மொபெட்டில் உங்கள் பின்னாலேயே வந்தேன். இது உனக்குத் தெரியாது. பூவை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு நீங்கள் செம்பட்டிப் பக்கம் வடைக் கடையில் நிறுத்தினீர்கள். நான் எதிர்ப்பக்கம் ஓர் இளநீர்க் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிந்ததற்கு இரண்டு இளநீர் குடிக்க வேண்டியதாயிற்று, கடைக்காரர் சும்மா நிற்க விடவில்லை. வண்டியின் முன் சீட்டில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய். கையை ஆட்டி, தலையைச் சொறிந்து, நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து. அவன் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். என்னோடு மூன்று வாரமாகப் பேசாத பிள்ளை, அங்கே இம்புட்டுப் பேசுகிறான். எனக்கு வயிறு எரிந்தது. இளநீர் குடித்தும் அடங்கவில்லை. அவன் உன்னைக் கெடுத்திருந்தால்கூட எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது என்று ஒரு நிமிசம் தோன்றியது. எப்படிப்பட்ட அப்பன் பார்.

அன்று சாயங்காலம் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"மாப்ளே, அவன்கிட்ட என்னதான் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலை மச்சான். அவன் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"அதை அவன்கிட்டயே கேளுங்க."

"அவன் என்கிட்டப் பேச மாட்டேங்கிறான்ல."

"பேசுவான். நீங்க பேசாம இருந்தா பேசுவான்."

பெரிய ஞானி மாதிரி சொல்லிவிட்டுப் போனான். எட்டாவது ஃபெயில். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பல மாதம் கழித்துத்தான், கொஞ்சம் கொஞ்சமாக, நீயே எனக்குச் சொன்னாய். அரைப் பரீட்சையில் இயற்பியலில் தோற்றதை என்னிடம் மறைத்தது. படுத்தால் மண்டைக்குள் இரைச்சல், தூக்கம் இல்லாதது. ஒரு சீனியர் பையன் கொடுத்து முதல்நாள் இழுத்ததும் இரைச்சல் நின்றது. பிறகு படித்தது மண்டையில் நிற்காமல் போனது. ஒருநாள் நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துவிடுவோம் என்று பயந்து, சாம்பிராணிக் கரண்டியோடு அந்த அறையில் நீ தனியாக உட்கார்ந்திருந்தது. அதே நேரம் நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்திருப்பேன். மாமா உன்னிடம் கேட்டது, "அதுல உனக்கு என்ன கிடைக்குது?" என்பது ஒன்று, "இப்ப அது உன்கிட்ட என்ன கேக்குது?" என்பது இன்னொன்று. பிறகு உன்னை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போய், நீ உள்ளே பேசும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உன் வயசில் மூளை இன்னும் வளர்ந்து முடியாத பயிர், அதில் இதை ஊற்றினால் ஞாபகமும் மனசும் அடிபடும் என்று அந்த டாக்டர் படம் போட்டுச் சொன்னதாகச் சொன்னாய். அதே விசயத்தை நானும் சொன்னேன், பைத்தியம் பிடிக்கும் என்று கத்தி. அவர் பயமுறுத்தாமல் சொன்னார், நீ நம்பினாய். "எப்ப முழுசா விடுறியோ விடு, ஆனா அதைப் போட்டுட்டு வண்டி ஓட்டுனேன்னா நானே உன் அப்பன்கிட்டச் சொல்லிருவேன்" என்று மாமா ஒரு கோடும் கிழித்தானாம். அன்பாகப் பேசினாலும் கோடு கோடுதான். நீ உடனே விடவில்லை. இரண்டு தடவை மறுபடி போனாய். இரண்டு தடவையும் மாமாவிடம்தான் சொன்னாய், என்னிடம் இல்லை. அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

நீ சொன்னதில் உனக்கு ரொம்பப் பிடித்தது, மாமா சொன்ன அந்தக் கதை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பாட்டு நேரத்தில் அதை நீ சொல்லாமல் விட்டதில்லை. மாமா சின்ன வயசில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கஞ்சா இழுத்தது. பகல் இரண்டு மணி வெயில், செம்பட்டி ரோடு. தார் ரோட்டில் கானல் ஓட, அந்தக் கூட்டாளி ஆற்றில் தண்ணீர் போகிறது என்று நினைத்தது. நனைந்துவிடக் கூடாதென்று பேண்ட்டைக் கழற்றி, அழகாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, "மாப்ளே, ஆழம் பார்த்து வா" என்று சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கியது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தது. இந்த இடத்தில் நீ எழுந்து நின்று தலையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு நடந்து காட்டுவாய். உன் அம்மாவுக்குப் புரை ஏறும். அப்புறம் நீ குரலை இறக்கிவிடுவாய். லாரி வந்தது. கூட்டாளி ஆற்றின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மாமா பாய்ந்து அவனை இழுத்ததில் இரண்டு பேரும் ஜல்லியில் உருண்டார்கள். மாமாவின் வலது முழங்கையில் இருக்கிற தழும்பு அதுதான்.

"அந்த ஆளு இப்ப எங்க மாமா?" என்று நீ கேட்பாய். அவன், "இருக்கான் எங்கேயாச்சும், புள்ளகுட்டியோட" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவான். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

அந்தக் கூட்டாளி நான்தான், அப்பு.

தோல் ஷாப்பில் சேர்ந்த புதிது. லாரியில் வந்த ஒருத்தன் கொடுத்தான். அதன் பிறகு நான் தொட்டதில்லை, அது உண்மை. ஆனால் மாதா படத்தின் முன்னால் உன்னிடம் செய்த சத்தியம் பொய். அது பொய் என்று தெரிந்த ஒரே மனுசன் செபஸ்தியான். என்னைப் போட்டுக் கொடுக்க அவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. "உங்கப்பன் என்ன யோக்கியனா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ காலத்துக்கும் அவன் பக்கம்தான். அவன் சொல்லவில்லை. என்னைக் கூட்டாளி ஆக்கி, பெயரை எடுத்துவிட்டு, கதையை மட்டும் உன்னிடம் கொடுத்தான். பன்னிரண்டு வருசமாக ஒரு குடிபோதையில்கூட, ஒரு சண்டையில்கூட அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை.

அதற்கு நான் நன்றி சொன்னேனா? இல்லை. இன்னும் பொறாமைதான் பட்டேன். பேண்ட்டைக் கழற்றியது நான், செத்திருக்க வேண்டியது நான், கதை என்னுடையது. அதை வைத்து உன்னைப் பேச வைத்தது அவன், பெயரும் அவனுக்கு. அந்தக் கதையை நானே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்னோடு சிரித்திருப்பாய், என்னிடம் அழுதிருப்பாய். அதை மறைத்து வைத்துக்கொண்டு, மானம், மரியாதை என்று ஒரு மணி நேரம் கத்தினேன். நான் வேண்டாம் என்று ஒளித்ததை அவன் எடுத்து உபயோகப்படுத்தினான். இதில் யார் மேல் பொறாமைப்படுவது?

உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதுவும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொள்ளும். அன்றைக்குச் சட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகாதே. அதனிடமே போய்க் கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இரு. அது ரொம்பக் கஷ்டம், எனக்கு இன்னும் வரவில்லை. முகத்துக்கு முகம் உட்காராதே, வண்டியில் கூட்டிப் போ. நீ செய்த தப்பை நீயே முதலில் சொல்லிவிடு, மாமன் வந்து சொல்லும்வரை காத்திருக்காதே. அப்படியும் அது உன்னிடம் சொல்லாமல் வேறு ஒருத்தரிடம் போய்ச் சொன்னால், வயிறு எரியும். எரியட்டும். சொல்ல ஒருத்தர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு இரண்டு இளநீர் குடி.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. வரப்போகிற மருமகளுக்குக் காட்டு. கல்யாண வீட்டில் மைக் வைத்து வாசித்தாலும் சரி. மணி அண்ணன் டீக்கடைக்கு நானே ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பெஞ்சில் இருக்கிறவர்கள் படிக்கட்டும். அன்று உன் சட்டையைத் தெருவுக்குக் கொண்டுபோனதற்கு, இன்று என் பேண்ட்டைக் கொண்டுபோகிறேன். கணக்கு நேராகாது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

கையெழுத்தை மாமாவே போடட்டும். என்னை ரோட்டிலிருந்து இழுத்த அதே வலது கைதான் அது. அந்தக் கை அன்று எட்டியிருக்காவிட்டால் எனக்குக் கல்யாணமும் இல்லை, உனக்கு ஒரு கல்யாணமும் இல்லை. சாட்சி என்று சொல்ல நம் இரண்டு பேருக்கும் அவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? பேனாவை மட்டும் நான் கொடுக்கிறேன். நாற்பது ஐம்பது தடவை எழுதிப் பழகிய பேனா, மசி நன்றாக இறங்கும்.

இதைப் படித்துவிட்டு நீ போன் பண்ணுவாய் என்று தெரியும். அம்மாவுக்குப் பண்ணாதே, மாமாவுக்கும் பண்ணாதே. முதலில் எனக்குப் பண்ணு. நான் பேச மாட்டேன். நீ சிரி, திட்டு, என்ன வேண்டுமோ சொல், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

செம்பட்டி ரோட்டில் ஆறு கடந்த
உன் அப்பா